பெரிய கம்பெனி உங்க ஏரியாவுக்குள்ள வந்துட்டா: மோதுறதா, இலவசமா விடுறதா, ஒதுங்குறதா, ஒட்டிக்கிறதா?

சின்னதா ஒரு சாஃப்ட்வேர் ப்ராடக்ட் வச்சு பொழப்பு ஓட்டுறவங்க திரும்பத் திரும்ப கேக்குற கேள்வி இது. நாலஞ்சு வருஷமா வித்துட்டு இருக்கோம், சுமாரா ஓடுது, இப்ப பெரிய கம்பெனி ஒண்ணு அதே மாதிரி ஒண்ணை அறிவிச்சுட்டான், இனி மார்க்கெட்டிங்க எப்படி மாத்துறது? கேக்கும்போதே பாதிப் பேர் மனசுக்குள்ள ஒரு முடிவோடதான் வர்றாங்க. கோவத்துல இருக்கிறவர் விளம்பரத்துல அவனைக் கிழிச்சுத் தொங்கவிடலாம்பார், பயத்துல இருக்கிறவர் எல்லாத்தையும் ஃப்ரீயா தொறந்து விட்டுடலாம்பார், கூடவே ஒருத்தர் "அவனோட ஆப் ஸ்டோர்லயே நாமளும் போய் உக்காந்துட்டா என்ன"ம்பார். எல்லாமே ஏதோ ஒரு இடத்துல ஜெயிச்சிருக்கு, ஏதோ ஒரு இடத்துல கம்பெனியையே முழுங்கியிருக்கு. அதனால முதல்ல அளவுகோல், அப்புறம்தான் வழி.

## எதை வச்சு அளக்கிறது

என்னைக் கேட்டா கேள்வி ஒண்ணுதான், மத்ததெல்லாம் அதுக்குப் பின்னாடி வந்து நிக்கணும்: நீங்க செய்றதை அவன் அப்படியே காப்பி அடிச்சா அவனுக்கு என்ன நஷ்டம்?

காப்பி அடிக்க முடியுமான்னு யோசிக்கவே வேண்டாம், முடியும், அவன்கிட்ட ஆளும் இருக்கு பணமும் இருக்கு. ஆனா அடிச்சா அவனோட இப்போதைய வருமானத்துல ஓட்டை விழுமா, அவன் சேல்ஸ் ஆளுங்களோட கமிஷன் குறையுமா, பழைய பெரிய கஸ்டமர் "எங்ககிட்ட இவ்ளோ வாங்கிட்டு அவங்களுக்கு மட்டும் இப்படியா"ன்னு சண்டைக்கு வருவாங்களா? இதுல ஏதாவது ஒண்ணுக்கு ஆமான்னு பதில் வந்தா உங்களுக்கு சில வருஷம் டைம் இருக்கு, ஏன்னா அவன் மீட்டிங் ரூம்லயே ஒரு கோஷ்டி "இப்ப வேண்டாம் சார்"னு முட்டுக்கட்டை போட்டுக்கிட்டே இருக்கும். ஒரு நஷ்டமும் இல்ல, ஏற்கனவே விக்கிற பேக்கேஜ்ல உங்க ஐட்டத்தையும் சும்மா சேத்துக் கொடுத்துடுவான்னா, உங்க விளம்பரம் எவ்ளோ அழகா இருந்தாலும் அது காத்துல போற காசுதான்.

அடுத்து பாக்க வேண்டியது, யூஸ் பண்றவரும் காசு கொடுக்கிறவரும் ஒரே ஆளா. தனி ஆளுக்கு விக்கிறது வேற ஆட்டம், ஐடி டிபார்ட்மென்ட்டும் பர்ச்சேஸ் டிபார்ட்மென்ட்டும் உக்காந்து முடிவு பண்றது வேற ஆட்டம். மூணாவது, புதுசா ஒரு ஆள் உள்ள வர உங்களுக்கு ஆகுற செலவு, விளம்பரம் மட்டும் இல்ல, சர்வர், சப்போர்ட் எல்லாம் சேத்து. நாலாவது, கஸ்டமர் லிஸ்ட் யார் கையில இருக்கு. கடைசியா, தப்பாப் போச்சுன்னா திரும்பி வர வழி இருக்கா. இந்தக் கடைசி ஒண்ணை யாரும் கணக்குல எடுக்கிறதே இல்ல, ஃப்ரீன்னு சொல்லிட்டு அப்புறம் காசு கேட்டுப் பாருங்க, தெரியும்.

## நேரா மோதுறது

பேர் சொல்லி அடிக்கிறது. வேலை செஞ்ச இடத்துல அட்டகாசமா செஞ்சிருக்கு. 2000 பிப்ரவரில சான் ஃபிரான்சிஸ்கோல சீபெல் சிஸ்டம்ஸ் தன்னோட கஸ்டமர்களைக் கூப்பிட்டு மாநாடு நடத்துது, அப்போ சிஆர்எம் சாஃப்ட்வேர்ல, அதாவது கஸ்டமர் விவரத்தையும் சேல்ஸையும் பாத்துக்கிற சாஃப்ட்வேர்ல, அவங்கதான் ராஜா, வெளிய பாத்தா "சாஃப்ட்வேர் ஒழிக"ங்கிற ரேஞ்சுல தட்டி பிடிச்சுக்கிட்டு ஒரு கூட்டம் கோஷம் போடுது. அத்தனை பேரும் கூலிக்கு வந்த நடிகர்கள். கூட்டிட்டு வந்தது சேல்ஸ்ஃபோர்ஸ், ஆரம்பிச்சு ஒரு வருஷம்கூட முடியாத கம்பெனி.

பாக்க கூத்து மாதிரி இருந்தாலும் உள்ள ஒரு கணக்கு இருந்துச்சு. சீபெல் லைசென்ஸை மொத்தமா வித்து பெரிய தொகையை முன்னாடியே வாங்கிடுற கம்பெனி, அதுக்கப்புறம் கஸ்டமர் ஆபீஸ்லயே மாசக்கணக்குல உக்காந்து இன்ஸ்டால் பண்ண ஒரு படையே வேணும். சேல்ஸ்ஃபோர்ஸ் பிரவுசர்ல ஓடுது, ஆளுக்கு மாசத்துக்கு இவ்ளோன்னு வாடகை, அவ்ளோதான். சீபெல் இதைக் காப்பி அடிச்சா அந்தக் காலாண்டு வருமானமே படுத்துடும். 2003லதான் ஐபிஎம்மோட சேந்து வாடகை மாடல்ல ஒண்ணு விட்டாங்க, 2005 செப்டம்பர்ல ஆரக்கிள் சீபெல்லையே 585 கோடி டாலருக்கு வாங்கப்போறதா அறிவிச்சிடுச்சு. தனியா நின்ன சீபெல் கதை அதோட முடிஞ்சது. அன்னிக்கு தட்டி பிடிச்சதால ஜெயிக்கல, சீபெல் பதில் சொல்ல முடியாத இடத்துல போய் தட்டி பிடிச்சதால ஜெயிச்சாங்க. டக்டக்கோங்கிற சின்ன தேடல் கம்பெனி 2011ல அதே ஊர்ல ஒரு பில்போர்டு வச்சு, கூகுள் உங்களைப் பின்தொடருது, நாங்க பின்தொடர மாட்டோம்னு எழுதினதும் இதே ஜாதிதான். கூகுளால "நாங்களும் இனி பின்தொடர மாட்டோம்"னு சொல்லிட முடியுமா? விளம்பர வருமானம் என்ன ஆகுறது?

இப்ப இதுக்கு நேர் எதிர். 2016 நவம்பர்ல மைக்ரோசாஃப்ட் டீம்ஸ்ங்கிற ஆபீஸ் சாட் ஆப்பை அறிவிச்ச அன்னிக்கு, அதே மாதிரி ஆப்பை ஏற்கனவே வித்துட்டு இருந்த ஸ்லாக் நியூயார்க் டைம்ஸ்ல முழுப்பக்க விளம்பரம் போட்டாங்க, மைக்ரோசாஃப்ட்டுக்கு எழுதின கடிதம் மாதிரி, போட்டிக்கு வந்ததுக்கு வாழ்த்துக்கள், இந்த வேலை நினைக்கிற அளவுக்கு ஈஸி இல்லன்னு அட்வைஸ் வேற. எழுத்து நல்லா இருந்துச்சு, எல்லாரும் ஷேர் பண்ணாங்க. ஆனா டீம்ஸை ஆஃபீஸ் 365 கூட சேத்துக் கொடுக்கிறதுல மைக்ரோசாஃப்ட்டுக்கு என்ன நஷ்டம்? ஒண்ணும் இல்ல. 2019 ஜூலைல டீம்ஸை தினமும் 1 கோடியே 30 லட்சம் பேர் யூஸ் பண்றாங்கன்னு சொன்னாங்க, அந்த வருஷ ஆரம்பத்துல ஸ்லாக் சொன்ன கணக்கு 1 கோடி. 2020ல ஸ்லாக் ஐரோப்பிய கமிஷன்கிட்ட புகார் கொடுத்துச்சு, அதே வருஷ டிசம்பர்ல சேல்ஸ்ஃபோர்ஸ் 2,770 கோடி டாலருக்கு ஸ்லாக்கை வாங்குறதா அறிவிப்பு. அந்தப் புகாரோட பலனா டீம்ஸைத் தனியா பிரிச்சு விக்க ஆரம்பிச்சது 2023ல, அதுவும் முதல்ல ஐரோப்பால மட்டும். கோர்ட்டும் கமிஷனும் உங்க மார்க்கெட்டிங் பிளான்ல ஒரு வரியா இருக்கக் கூடாதுங்கிறதுக்கு இதுக்கு மேல உதாரணம் வேண்டாம்.

பெரிய ஆபீஸ்ல டெமோ கொடுத்தவங்களுக்கு அந்த சீன் மனப்பாடமா தெரியும். யூஸ் பண்ணப்போற நாலு பேரும் தலையாட்டுவாங்க, "இது நல்லாருக்கே, அதைவிட ஈஸியா இருக்கே"ம்பாங்க, எல்லாம் முடிஞ்சு விலைப் பக்கத்தை ஸ்கிரீன்ல போட்டதும் அதுவரைக்கும் போனைப் பாத்துட்டு இருந்த ஐடி ஹெட் நிமிந்து, "நாம வாங்கின பேக்கேஜ்லயே இப்படி ஒண்ணு சும்மா கெடக்குதே, அதை யாராவது தொறந்து பாத்தீங்களா?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேப்பார். ரூம்ல ஒருத்தரும் வாயைத் தொறக்க மாட்டாங்க.

மறைமுக செலவு ரெண்டு. ஒண்ணு, இன்னிக்கு நீங்க கிண்டல் பண்றதை நாளைக்கு நீங்களே செய்ய வேண்டி வரும். ஐபோன்ல ஹெட்போன் ஜாக் இல்லன்னு சாம்சங் பண்ணாத கிண்டல் இல்ல, 2019ல நோட் 10ல அவங்களே ஜாக்கைத் தூக்கிட்டு பழைய விளம்பரங்களையும் சத்தமில்லாம எடுத்தாங்க. பாடம் படிச்சிருப்பாங்கன்னு பாத்தா 2020ல ஐபோன் பெட்டில சார்ஜர் இல்லன்னு மறுபடி ஒரு போஸ்ட், அடுத்த சில மாசத்துல வந்த எஸ்21 பெட்டில இவங்களோட சார்ஜரும் இல்ல. இன்னொண்ணு, சின்னவன் பெரியவனை அடிச்சா வேடிக்கையா பாப்பாங்க, பெரியவன் பெரியவனை அடிச்சா அசிங்கமாத் தெரியும். மைக்ரோசாஃப்ட் 2012ல கூகுளுக்கு எதிரா ஸ்க்ரூகுள்டுன்னு ஒரு பிரச்சாரம் நடத்தி கப்பு, டிஷர்ட் வரைக்கும் வித்தாங்க, ஜனங்க பாட்டுக்கு கூகுள்லயே தேடிக்கிட்டு இருந்தாங்க.

## இலவசமா விடுறது

ஃபைலை இணையத்துல சேமிச்சு வைக்கிற டிராப்பாக்ஸ் ஆரம்பத்துல கூகுள் விளம்பரம் போட்டுப் பாத்தாங்க. வருஷத்துக்கு 99 டாலர் வாங்குற ப்ராடக்ட், காசு கொடுக்கிற ஒரு ஆளைப் பிடிக்க ஆன விளம்பரச் செலவு 233 டாலர்ல இருந்து 388 டாலர் வரைக்கும், இதை நிறுவனர் ட்ரூ ஹூஸ்டனே பின்னாடி மேடையில காட்டினார். அதை விட்டுட்டு, நண்பரைக் கூட்டிட்டு வந்தா ரெண்டு பேருக்குமே கூடுதல் ஸ்டோரேஜ்னு மாத்துனாங்க, 2008 செப்டம்பர்ல 1 லட்சம் பேர் இருந்தது 2010 ஜனவரில 40 லட்சம் ஆச்சு. நல்ல கதை, எல்லாரும் இதைத்தான் சொல்வாங்க. ஆனா இதோட மறுபக்கத்தையும் பாருங்க, 2018ல ஐபிஓவுக்காக டிராப்பாக்ஸ் கொடுத்த கணக்குப்படி பதிஞ்சவங்க 50 கோடிக்கு மேல, காசு கட்டுறவங்க 1 கோடியே 10 லட்சம். நூத்துக்கு ரெண்டு பேர் சொச்சம். மத்த 98 பேரோட ஃபைலும் உங்க சர்வர்லதான் கெடக்கும், அவங்க பாஸ்வேர்டு மறந்தாலும் மெயில் உங்களுக்குத்தான் வரும். கோடிக்கணக்குல ஆள் வரக்கூடிய பொருளுக்குத்தான் ரெண்டு பெர்சென்ட் சோறு போடும். உலகத்துலயே உங்க கஸ்டமர் ஆகக்கூடியவங்க மொத்தம் 20,000 பேர்தான்னா அதுல ரெண்டு பெர்சென்ட் எவ்ளோன்னு நீங்களே போட்டுப் பாருங்க.

ஃப்ரீ கொடுக்கிறதுல உண்மையான மார்க்கெட்டிங் வேலை எல்லைக்கோட்டை எங்க போடுறதுங்கிறதுதான். ஜூம் போட்ட கோடு பிரமாதம், குரூப் மீட்டிங்ல 40 நிமிஷம். ப்ராடக்டோட எல்லா வசதியையும் அனுபவிச்ச அப்புறம், பேச்சு சூடு பிடிக்கிற நேரத்துல, மீட்டிங் நடத்துறவரோட பாஸ் முன்னாடியே கட் ஆகும், அடுத்த நாள் கார்டை எடுத்துடுவார். சைன் அப் பண்ற ஒவ்வொருத்தரும் இன்னும் நாலு பேரை இழுத்துட்டு வராம அந்த ப்ராடக்டை யூஸே பண்ண முடியாது, விளம்பரம் பொருளுக்குள்ளயே இருக்கு. ஹாட்மெயில் 1996லயே இதைச் செஞ்சது, போற ஒவ்வொரு மெயிலுக்கும் அடியில உங்களுக்கும் இலவச மெயில் வேணுமான்னு ஒரு வரி, ஒன்றரை வருஷத்துல மைக்ரோசாஃப்ட் வந்து வாங்கிட்டுப் போச்சு.

கோட்டை ஆரம்பத்துல தாராளமா போட்டுட்டு அப்புறம் உள்ள இழுத்தீங்கன்னா வசவுதான். குறிப்பு எழுதி வைக்கிற ஆப்பான எவர்நோட் 2016ல ஃப்ரீ கணக்கை ரெண்டு டிவைஸுக்குன்னு சுருக்குச்சு, கைமாறின அப்புறம் 2023 டிசம்பர்ல 50 நோட்டு, ஒரே ஒரு நோட்புக்னு சுருக்குச்சு. வருஷக்கணக்குல எழுதி வச்சவங்களோட கோவம் எப்படி இருந்திருக்கும்? நான் மேல சொன்ன கடைசி அளவுகோல் இதுதான், ஃப்ரீங்கிறது ஒருவழிப் பாதை.

ப்ரோக்ராமையே யார் வேணா எடுத்துக்கலாம்னு தொறந்து விடுற ஓப்பன் சோர்ஸும் இதோட ஒரு கிளைதான், டெவலப்பர் மத்தியில பேர் வாங்க அதைவிட நல்ல வழி இல்ல. ஆனா அங்க நீங்க எழுதின ப்ரோக்ராமையே எடுத்து பெரிய கிளவுட் கம்பெனி சர்வீஸா வித்துடலாம். அந்தப் பயத்துல மோங்கோடிபிங்கிற டேட்டாபேஸ் கம்பெனி 2018ல லைசென்ஸை மாத்துச்சு, 2019 ஜனவரில அமேசான் அதோட ஒத்துப்போற மாதிரி சொந்தமா ஒரு டேட்டாபேஸ் சர்வீஸையே விட்டுடுச்சு. தேடல் சாஃப்ட்வேர் செய்ற எலாஸ்டிக் 2021ல லைசென்ஸை மாத்தினப்போ அமேசான் அதோட பழைய ப்ரோக்ராமை எடுத்து ஓப்பன்சர்ச்னு தனியா பிரிச்சு ஓட்டுச்சு.

## ஒரு கூட்டத்தை மட்டும் பிடிச்சுக்கிறது

இதைப் பத்தி யாரும் ஆர்வமா கேக்க மாட்டாங்க, ஏன்னா கேக்க கெத்தா இருக்காது. எனக்கு இதுதான் பிடிச்சது, சின்ன டீமா இருந்தா முதல்ல இதைத்தான் சொல்லுவேன்.

வீவான்னு ஒரு கம்பெனி, 2007ல ஆரம்பிச்சது, சேல்ஸ்ஃபோர்ஸ்ல இருந்து வந்த பீட்டர் காஸ்னர் ஆரம்பிச்சார். சிஆர்எம் ஏற்கனவே ஆயிரம் இருக்கிற காலம், இவங்க மருந்து கம்பெனிக்கு மட்டும்தான் விப்போம்னு உக்காந்தாங்க. மெடிக்கல் ரெப் டாக்டரைப் பாக்கப் போறார், சாம்பிள் கொடுக்கிறார், அமெரிக்கச் சட்டப்படி அந்த சாம்பிளுக்கு டாக்டர் கையெழுத்து வாங்கி பதிஞ்சு வைக்கணும், எந்த சாம்பிள் எங்க போச்சுன்னு பின்னாடி கேட்டா காட்டணும். பொதுவான சிஆர்எம்ல இதைச் செய்ய தனியா ஆள் போட்டு மாசக்கணக்குல கட்டணும், வீவால முதல் நாள்லயே இருக்கு. பெரிய கம்பெனி இதைக் காப்பி அடிக்கலாம், ஆனா ஒரே ஒரு துறைக்காக ஒரு டீமைப் போட்டு சட்டம் மாற மாற பின்னாடியே ஓடணும், அவங்க கணக்குல அது சில்லறை. அந்தச் சில்லறைதான் உங்களுக்கு வேலி. 2013ல பங்குச்சந்தைக்கே வந்துட்டாங்க.

மார்க்கெட்டிங் செலவும் இதுல கம்மி. எல்லா ஊர்லயும் பேனர் கட்ட வேண்டாம், அந்தத் துறைக்காரங்க கூடுற கண்காட்சி எதுன்னு தெரிஞ்சா போதும், ஒருத்தர் வாங்கினா பக்கத்து கம்பெனிக்காரர் அவர்கிட்டயே கேட்டுப்பார். விலையையும் தைரியமா வைக்கலாம்.

செலவு எங்கன்னா, வர்ற காசை வேண்டாம்னு சொல்றதுல. பல் டாக்டர்களுக்குன்னு செஞ்ச ப்ராடக்டுக்கு ஒரு நாள் பெரிய ஸ்கூல் ஒண்ணு வந்து "கொஞ்சம் மாத்திக் கொடுங்க, டபுள் தர்றோம்"ம்பாங்க, அந்த மாசம் சம்பளம் போட காசு டைட்டா இருக்கும், சரின்னு சொல்லிட்டீங்கன்னா அதுக்கப்புறம் பல் டாக்டருக்கும் உருப்படியா இருக்காது ஸ்கூலுக்கும் உருப்படியா இருக்காது. இன்னொண்ணு, அந்தத் துறையே படுத்தா நீங்களும் சேந்து படுக்கணும். சேல்ஸுக்கும் அந்தத் துறை பாஷை பேசுற ஆள்தான் வேணும், அவங்க சும்மா கிடைக்க மாட்டாங்க.

## பெரியவனோட மேடையிலயே கடை போடுறது

ஆன்லைன்ல பணம் கட்டுற பேபால் வளந்தது, ஈபேங்கிற ஆன்லைன் ஏலச் சந்தையில பொருள் விக்கிறவங்க அதை எடுத்துக்கிட்டதால. ஈபேகிட்ட பில்பாயின்ட்னு சொந்தமா ஒரு பேமென்ட் சர்வீஸே இருந்தும் விக்கிறவங்க பேபாலை விடல, கடைசில 2002ல ஈபே 150 கோடி டாலருக்கு பேபாலையே வாங்கிடுச்சு. கூட்டம் ஏற்கனவே இருக்கிற இடத்துல போய் நிக்கிறதால ஆள் பிடிக்கிற செலவு ஏறக்குறைய பூஜ்யம், ஆரம்பத்துல இதைவிட வேகமான வழி இல்ல.

ஆனா நாலாவது அளவுகோல் இங்க உதைக்கும், கஸ்டமர் உங்க ஆள் கிடையாது, மேடைக்காரன் ஆள். ட்விட்டருக்கு வெளி ஆப் செஞ்சுக்கிட்டு இருந்தவங்களை 2023 ஜனவரில ஒரேடியா வெட்டிவிட்டாங்க, ட்வீட்பாட் மாதிரி பத்து வருஷத்துக்கு மேல ஓடின ஆப் எல்லாம் அதோட காலி. அதே வருஷம் ரெட்டிட்ங்கிற அரட்டைத் தளம், வெளி ஆப்கள் அதுல இருந்து டேட்டா எடுக்கிற வழியான ஏபிஐக்கு விலை வச்சப்போ, அதைப் படிக்க அப்போலோன்னு ஒரு ஆப் செஞ்சவர் கணக்குப் போட்டா வருஷத்துக்கு 2 கோடி டாலர் வந்துச்சு, ஜூன் 30ஓட கடையைச் சாத்திட்டார். கமிஷன் வேற இருக்கு, ஆப்பிள் ஆப் ஸ்டோர்ல வழக்கமான வெட்டு 30 சதவீதம், வருஷ வருமானம் 10 லட்சம் டாலருக்குள்ள இருந்தா 2021ல இருந்து 15.

வீவாவே ஆரம்பத்துல சேல்ஸ்ஃபோர்ஸ் மேடையிலதான் கட்டினாங்க. 2022 டிசம்பர்ல, 2025 செப்டம்பர்ல முடியுற ஒப்பந்தத்தை இனி நீட்டிக்கல, எங்க சொந்த மேடைக்குப் போறோம்னு அறிவிச்சாங்க, சேல்ஸ்ஃபோர்ஸும் மருந்துத் துறைக்கு நேராவே இறங்கிடுச்சு. பதினஞ்சு வருஷம் ஏணியா யூஸ் பண்ணிட்டு இறங்கினாங்க, இறங்க முடிஞ்சதுக்குக் காரணம் கஸ்டமரோட உறவு இவங்க கையில இருந்துச்சு.

## விலையைக் குறைச்சு அடிக்கலாமே?

வேண்டாம். ஊபர்கிட்ட இல்லாத காசா, சீனால வருஷத்துக்கு 100 கோடி டாலர் நஷ்டப்படுறோம்னு 2016ல அவங்களே சொன்னாங்க, அதே வருஷம் ஆகஸ்ட்ல அங்க போட்டியா இருந்த டிடிங்கிற கம்பெனிகிட்ட அந்த பிசினஸைக் கொடுத்துட்டு பங்கை வாங்கிட்டு வந்துட்டாங்க. பேக்கேஜ்ல சும்மா கொடுக்கிறவன்கிட்ட விலையில மோதி எங்க போய் நிப்பீங்க?

## பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா

| | மோதுறது | இலவசம் | ஒரு கூட்டம் | மேடை |
|---|---|---|---|---|
| காப்பி அடிச்சா அவனுக்கு நஷ்டம் | இருந்தே ஆகணும் | இல்லாட்டியும் ஓட்டலாம் | அவனுக்கு லாபம் கம்மி, அதுவே போதும் | மேடைக்காரன் நினைச்சா எப்ப வேணா |
| யாருக்கு விக்க நல்லது | பழைய கம்பெனி மேல எரிச்சல்ல இருக்கிறவங்க | தனி ஆள், சின்ன டீம் | ஒரு துறை, ஒரு தொழில் | மேடைல ஏற்கனவே இருக்கிறவங்க |
| ஆள் பிடிக்கிற செலவு | சத்தம் போட்டா கம்மி, தொடர்ந்தா ஜாஸ்தி | விளம்பரம் கம்மி, சர்வரும் சப்போர்ட்டும் ஜாஸ்தி | கம்மி, ஆனா மெதுவா | ரொம்ப கம்மி, கமிஷன் தனி |
| கஸ்டமர் யார் கையில | உங்க கையில | உங்க கையில, ஆனா பிடிப்பு இல்ல | கெட்டியா உங்க கையில | மேடைக்காரன் கையில |
| திரும்பி வர முடியுமா | முடியும், பழைய விளம்பரம் துரத்தும் | கஷ்டம் | முடியும் | ஏற்பாடு முன்னாடியே செஞ்சிருந்தா |

## ரெண்டைக் கலக்கலாமா

கலக்கலாம், ஆனா வரிசை முக்கியம். ஒரு கூட்டத்தைப் பிடிச்ச அப்புறம் மோதுறது சரி, ஏன்னா உங்களுக்கு சாட்சி சொல்ல ஆள் இருக்கும். மேடையில ஆரம்பிச்சு, வர்ற ஒவ்வொருத்தரையும் மெயில் லிஸ்ட்டுக்குள்ள கொண்டுவந்து, ரெண்டு மூணு வருஷத்துல சொந்தக் கடைக்கு மாத்துறதும் சரி. இலவசமும் மோதலும் சேந்து வந்தா மட்டும் யோசிங்க, சத்தத்தைக் கேட்டு வர்ற கூட்டம் ஃப்ரீலயே தங்கிடும், பில் உங்க தலையில.

எதுன்னு இன்னும் தெளியலைன்னா, சமீபத்துல உங்களை விட்டுட்டு அந்தப் பெரிய கம்பெனிக்குப் போன கஸ்டமர்கள் கொஞ்சப் பேருக்கு போன் போடுங்க, திரும்பி வாங்கன்னு கெஞ்ச இல்ல, ஏன் போனீங்கன்னு கேக்க மட்டும். "அது சும்மா கூட வந்துச்சு"ன்னு நிறைய பேர் சொன்னா மோதுறதை மறந்துட்டு, அந்தச் சும்மா வந்ததை வச்சு சமாளிக்க முடியாத துறை எதுன்னு தேடுங்க. "மத்த சாஃப்ட்வேரோட ஒட்ட மாட்டேங்குது"ன்னு சொன்னா மேடைப் பக்கம் போங்க. "உங்க பேரையே எங்க புது மேனேஜர் கேள்விப்பட்டதில்ல"ன்னா ஃப்ரீ பிளான் ஒண்ணைச் சின்னதா, இறுக்கமான கோட்டோட விட்டுப் பாக்கலாம். "அங்க போயும் நிம்மதி இல்ல, அவங்க பில் போடுற விதமே பிடிக்கல"ன்னு யாராவது புலம்பினா அவரை விடாதீங்க, இன்னும் பத்து நிமிஷம் பேச விடுங்க, உங்க விளம்பரத்துக்கு வேண்டிய வரி அவர் வாயிலயே வரும்.